மாமனுக்குத் தெரியாத பல்

“பல்லு முளைச்சிருக்கு, சரி. எங்க முளைச்சிருக்கெண்டு பார்த்தீங்களா?”

அன்னப்பூரணி இப்படிக் கேட்டபோது யோகராசாவின் வாய் நிறைய வெற்றிலை இருந்தது. மெல்லவும் முடியவில்லை. துப்பவும் மனம் வரவில்லை, சொந்தத் தோட்டத்து வெற்றிலை.

“வாயிலதான் முளைச்சிருக்கு. வேற எங்க முளைக்கும்?”

“வாயில எங்க எண்டு கேக்கிறன்.”

யோகராசா பிள்ளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். எட்டு மாதச் சீதேவி, தகப்பன் தன் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதைப் பெரிய விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். கீழ்முரசு, அந்தப் பல்லில்லாத ஈறு, வழுவழுவென்று வெறுமையாகக் கிடந்தது. மேல்முரசில் பச்சரிசி ஒன்றைப் பதித்து வைத்ததுபோல் வெள்ளையாக ஒன்று.

“மேல்பல்லா!” வெற்றிலை தானாகவே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

முதற்பல் கீழேதான் வரவேண்டும். மேலே முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது. களுதாவளையில் இது மணலில் நண்டு பிடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். யோகராசாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலையில் பிள்ளை அவனுடைய விரலைக் கடித்ததும், உள்ளே ஏதோ கூராகத் தட்டுப்பட்டதும், அவனுக்குத் தலைகால் தெரியாமல் போய்விட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவித் துறைக்கு ஓடினான். அங்கே வெற்றிலைக் கட்டுகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டிருந்த தோணிக்கார அசனார் காக்காவிடம், “இஞ்ச பாருங்க காக்கா, பல்லு!” என்று பிள்ளையின் வாயைத் திறந்து காட்டினான்.

“அல்லாஹ் நல்ல ஆயுசைக் குடுப்பான்” என்று வாழ்த்தினார் அசனார் காக்கா.

“அக்கரையில பூரணிர அண்ணன், எங்கட மச்சானுக்கிட்டச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை புள்ளைக்குப் பல்லுக்கொழுக்கட்டை அவிச்சுக் கொட்டுறம். கட்டாயம் வரட்டாம்.”

நல்ல வெற்றிலையாகப் பார்த்து ஒரு பிடியும் கொடுத்துவிட்டான். வெற்றிலை வைத்து அழைத்தால் அழைத்ததுதான். தோணி இந்நேரம் வாவியின் நடுவைத் தாண்டியிருக்கும்.

“காக்கா கண்டிருப்பாரா, மேல்பல்லெண்டு?” அன்னப்பூரணியின் குரல் தளர்ந்திருந்தது.

“அவரா? மனுசன்ட கண் வெற்றிலைக் கட்டிலயெல்லோ இருந்தது.”

அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

“அண்ணன் அறிஞ்சா அவருக்குச் சோறு இறங்காது. புள்ளைய மடியில வைக்கமாட்டார். இந்த வாசலுக்கு வரமாட்டார். எனக்கு வேற ஆரு இருக்கா?”

அவள் சொன்னது உண்மை. தாயும் தகப்பனும் வாந்திபேதியில் ஒரே கிழமையில் போனபோது அன்னப்பூரணிக்கு ஆறு வயது, அண்ணன் அழகரத்தினத்துக்குப் பதினெட்டு. அவளுக்குத் தலை இழுத்துக் கட்டியதும், உமிக்கரியில் உப்புச் சேர்த்துப் பல் விளக்கப் பழக்கியதும் அவர்தான். அவளுடைய பாற்பல் விழுந்தபோதெல்லாம், அணிலைக் கூப்பிட்டு, பல்லைக் கூரைமேல் எறிந்து, “நல்ல பல்லாத் தா” என்று கேட்டதும் அவர்தான். வீடு பெண்ணுக்கு என்பது நம்முடைய பக்கத்து வழக்கம். அந்த வீட்டுக்கு மரம் அரிந்து, கல் சுமந்து, சுண்ணாம்பு பூசி, தங்கச்சியைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தான் வாவிக்கு அப்பால் படுவான்கரையில், வயல் வட்டைக்குள் ஒரு குடிலில் போய் இருந்துகொண்டார். கல்யாணமும் முடிக்கவில்லை.

அவரிடம் ஒரேயொரு குறைதான். சகுனம்.

பல்லி சொன்னால் எடுத்த கால் வைக்கமாட்டார். பூனை குறுக்கே போனால் வண்டிலைத் திருப்பிவிடுவார். ஒற்றைத் தும்மல் கேட்டால் அன்று முழுக்க மாடு பூட்டமாட்டார். தங்கச்சியின் தாலிகட்டிலேயே, முகூர்த்த நேரத்தில் யாரோ ஒரு கிழவி தும்மிவிட, இன்னொரு தும்மல் கேட்கும்வரை தாலியைக் கையில் எடுக்க விடவில்லை. கடைசியில் யோகராசாவே தன் மூக்கில் பூவைக் குத்தித் தும்மித்தான் மாப்பிள்ளையானான்.

அப்படிப்பட்டவருக்கு மேல்பல்!

“நீ பயப்படாத பூரணி” என்றான் யோகராசா. “நான் ஒரு வழி செய்யிறன்.”

அன்னப்பூரணிக்கு அப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது.

பின்னேரம் தோணி திரும்பியதும் யோகராசா துறையில் நின்றான்.

“சொல்லிட்டன் தம்பி. சந்தோசமெண்டார்.”

“காக்கா, ஒருக்காத் திரும்பிப் போகவேணும். புள்ளைக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை கொழுக்கட்டை இல்லையாம் எண்டு சொல்லிருங்க.”

“காலையில சிரிச்ச புள்ளைக்கு அதுக்குள்ள காய்ச்சலா?”

“சிரிச்சுச் சிரிச்சுத்தான் வந்திட்டு.”

அசனார் காக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தோணியைத் தள்ளினார். நல்ல மனிதர், சேதியைக் கேட்ட மாதிரியே கொண்டுபோவார், கூட்டவுமாட்டார், குறைக்கவுமாட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் வாசலில் சத்தம் கேட்டு அன்னப்பூரணி எட்டிப் பார்த்தாள். அண்ணன் நின்றார். தலையில் அரிசிமாச் சாக்கு. தோளில் தேங்காய்க் குலை. சண்டைக் காலம், சீனியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம். எங்கே அலைந்து பிடித்தாரோ, கையில் ஒரு பொட்டலம் சர்க்கரை. அவருக்குப் பின்னால் மருந்துப் பெட்டியோடு கொக்கட்டிச்சோலைப் பரிசாரியார். பரிசாரியாருக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு.

“மச்சான், ஆடு என்னத்துக்கு?” என்றான் யோகராசா.

“காய்ச்சல்காரப் புள்ளைக்கு ஆட்டுப்பால் நல்லமெண்டாங்க. புள்ள எங்க?”

கொழுக்கட்டையைத் தள்ளிப்போடச் சொன்ன பொய், மாமனை ஒரு நாள் முந்திக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. வாய்க்குள் பார்க்கிறதையே தொழிலாக வைத்திருக்கிற ஆளையும் கூடவே இறக்கிவிட்டது.

பரிசாரியார் பாயில் குந்தி, பிள்ளையின் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

“காய்ச்சல் எண்டது இந்தப் புள்ளைக்கா?”

“காலையில இருந்தது” என்றான் யோகராசா.

“நாடி ஆத்துத் தண்ணி மாதிரிச் சீரா ஓடுது. சரி, வாயத் திற குஞ்சு.”

அன்னப்பூரணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, வாயத் திறக்காதீங்க! கடிச்சுப்போடும்!” என்று பாய்ந்தான் யோகராசா.

“எதால?”

“பல்லாலதான்.”

“எத்தனை பல்லு?”

“ஒண்டு.”

“பாக்கு வெட்டியிலயும் இரண்டு அலகு இருந்தாத்தான் தம்பி வெட்டும்” என்று சொல்லிக்கொண்டே பரிசாரியார் சுத்தமான வெள்ளைத் துணியொன்றை விரலில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, பிள்ளையின் வாய்க்குள் விட்டார். விரல் கீழே போயிற்று. மேலே போயிற்று. மேலே போன இடத்தில் நின்றுவிட்டது. பரிசாரியார் தலையை நிமிர்த்தி அழகரத்தினத்தைப் பார்த்தார்.

அழகரத்தினம் ஈயை விரட்டுகிறவர்போல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். யோகராசாவும் ஈயைத் தேடினான். காணவில்லை.

“ம்” என்றார் பரிசாரியார். “முரசு ஊறுது, வேறொண்டுமில்ல. பல்லு வாற காலத்தில வாய்நீர் வடியும், கண்டதையும் கடிக்கப் பார்க்கும், ராவில சிணுங்கும். இப்பிடி ஈரத்துணியால காலையும் மாலையும் மெல்லத் துடைச்சு விடு புள்ள. அழுதெண்டு சர்க்கரையைப் பூசிக் குடுத்திராத. இண்டைக்கு இனிக்கும், நாளைக்குப் பல்லைத் தின்னும்.”

“நீங்களும் ஒருக்காப் பாருங்க மாமா எண்டு புள்ள கேக்குது” என்று பரிசாரியார் குறும்பாகச் சொன்னார்.

அன்னப்பூரணிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அழகரத்தினம் கையை விரித்துவிட்டார்.

“எனக்கெங்க தெரியப்போகுது? கொஞ்ச நாளா என்ட கண் மங்கலாப் போச்சு. கிட்ட இருக்கிறது ஒண்டும் பிடிபடுதில்ல.”

“அண்ணே! எப்ப இருந்து?”

“அது... இப்ப கொஞ்ச நாளா. நீ யோசியாத புள்ள.”

அவள் அழத் தொடங்கினாள். யோகராசாவுக்கோ பிள்ளையார் வாசலில் நூறு தேங்காய் உடைக்க வேண்டும்போல் இருந்தது. பிறகுதான் மச்சானின் கண்ணை நினைத்து வெட்கப்பட்டு, முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டான்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அழகரத்தினம் மீனில் கிடந்த மயிரளவு முள்ளை எடுத்து இலைக் கரையில் வைத்தார். சோற்றை விட்டுத் தலையை நிமிர்த்தி, “மச்சான், ஆடு வெற்றிலைத் தோட்டத்துக்குள்ள. நாலாவது கொடியில நிக்குது” என்றார்.

“எப்பிடி மச்சான் தெரிஞ்சது?”

“மணம் வந்தது.”

யோகராசா போய்ப் பார்த்தான். ஆடு நாலாவது கொடியில்தான் நின்றது. மூன்று கொடி முடிந்திருந்தது. கண் போனால் மூக்குக் கூர்மையாகும் என்று அவன் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான்.

இனிக் கொழுக்கட்டையை நிறுத்த வழியில்லை. மாமன் மாவோடு வந்து நிற்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் அன்னப்பூரணி மாவைக் குழைத்து, கொழுக்கட்டை பிடித்து, தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறி ஒவ்வொன்றின் விளிம்பிலும் வரிசையாகக் குத்தினாள். ஒவ்வொரு கொழுக்கட்டையும் வாய் நிறையப் பல்லோடு அவளைப் பார்த்து இளித்தது.

அதைப் பார்த்ததும் யோகராசாவுக்கு இரண்டாவது வழி தோன்றியது.

“பூரணி! அண்ணனுக்குக் கண் மங்கல். ஆனா ஊர்ப்பொம்புளையளுக்கு மங்கல் இல்ல. அவளுகள் கண்டா ஊரெல்லாம் சொல்லுவாளுகள். அதால கீழ்முரசில ஒரு பல்லு வைப்பம்.”

“எங்கால பல்லு?”

அவன் அவிந்த மாவில் அரிசியளவு கிள்ளி உருட்டி, பிள்ளையின் கீழ்முரசில் ஒட்டினான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். அசல் பல்.

சீதேவி நாக்கை நீட்டினாள். பல்லைக் காணவில்லை.

“தின்னுட்டாள்” என்றாள் அன்னப்பூரணி.

இரண்டாவது பல்லை வைத்தான். அதையும் தின்றாள். மூன்றாவது பல்லை வைக்கமுதலே வாயை ஆவென்று திறந்துகொண்டு காத்திருந்தாள். உலகத்திலே பல் முளைத்துச் சாப்பிடுகிற பிள்ளைகள் உண்டு. முளைத்த பல்லையே சாப்பிட்ட பிள்ளை இவள் ஒருத்திதான்.

“சரி, பல்லு வேணாம்” என்றான் யோகராசா. “மேல்உதடு மூடியிருந்தாப் போதும். புள்ள சிரிக்காட்டிச் சரிதானே? ஒருத்தரும் சிரிப்புக் காட்டக்கூடாதெண்டு சொல்லிவிடுறன்.”

வந்த பெண்களையெல்லாம் அவன் படலையிலேயே மறித்தான்.

“புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுக் கிடக்கு. சிரிச்சாத் திரும்ப வருமாம். பரிசாரியார் சொன்னவர். முகத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு உள்ள போங்க.”

“கொழுக்கட்டைக்கு வந்தமா, செத்தவீட்டு எட்டுச் செலவுக்கு வந்தமாகா?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வளவுப் புஸ்பம் உள்ளே போனாள்.

கூடத்தில் வெள்ளை விரித்து, நடுவில் தாய்மாமன் மடியில் பிள்ளை. சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. சீதேவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அழப்போகிறாள் என்று யோகராசா நிம்மதியாக மூச்சு விட்ட நேரம், புஸ்பத்தின் உப்பிய கன்னத்தைக் கண்டாள். அவ்வளவுதான். களுக்கென்று ஒரு சிரிப்பு. அந்தச் சமயம் பார்த்து மூத்த பெண்ணொருத்தி சுளகிலிருந்த கொழுக்கட்டையைப் பிள்ளையின் தலைக்கு மேலால் கொட்டினாள். தலையிலும் தோளிலும் பொலபொலவென்று கொழுக்கட்டை விழ விழ, பிள்ளை கையைத் தட்டிக்கொண்டு வாயை அகலத் திறந்து சிரித்தாள்.

வெறும் கீழ்முரசு. மேலே தனிப்பச்சரிசி.

புஸ்பத்தின் கண் விரிந்தது. “என்னகா பூரணி இது, மேல்...”

அந்தச் சொல் முடியக்கூடாது! யோகராசாவுக்கு வேறொன்றும் கைகொடுக்கவில்லை. முழுப் பலத்தையும் கூட்டி ஒரு தும்மல் தும்மினான்.

“ஹச்சூ!”

கூடம் கல்லாயிற்று. ஒற்றைத் தும்மல்!

தான் செய்த வேலை அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டாவது தும்மலுக்காக மூக்கைப் பிசைந்தான், வெயிலை நிமிர்ந்து பார்த்தான், தலையை ஆட்டினான். கல்யாணத்தில் வந்த தும்மல் இன்று வர மறுத்துவிட்டது. எல்லாருடைய கண்ணும் அழகரத்தினத்தின்மேல் இருந்தது. இப்போது எழும்புவார், பிள்ளையை இறக்கிவிடுவார், சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அன்னப்பூரணி கண்ணை மூடிக்கொண்டாள்.

அழகரத்தினம் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்தார்.

“மச்சானுக்குத் தடிமன்போல. ஆராவது கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க” என்றார். பிறகு பிள்ளையின் முகத்தை நாடியில் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாய்க்குள் நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

“கண் மங்கல்தான். எண்டாலும் இது எனக்கு நல்லாத் தெரியுது. கீழ்முரசில, நட்டநடுவில, முத்து மாதிரி ஒரு பல்லு! என்ன புஸ்பம், நான் சொல்றது சரிதானே?”

புஸ்பம் வாயைத் திறந்தாள். அன்னப்பூரணியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடி, விழுங்கி, மறுபடி திறந்தாள்.

“ஓம் அண்ணே. கீழதான். முத்துத்தான்.”

“முத்தேதான்” என்றார்கள் மற்றப் பெண்களும். இறுக்கிப் பிடித்திருந்த சிரிப்பையெல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். வீடு கலகலவென்றாயிற்று.

பின்னேரம் யோகராசா மச்சானைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போனான். “இதில பள்ளம் மச்சான். இதில வேர். பார்த்து, பார்த்து” என்று வழி நெடுகச் சொன்னான். இரண்டு தரம் அவனே வேரில் தட்டி விழப்போக, மச்சான்தான் பிடித்தார். தோணியில் ஏற்றி, கொழுக்கட்டைக்காக நின்றுபோன பரிசாரியாரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

“கண்டியா, என்ட கெட்டித்தனத்தை?” என்றான்.

அன்னப்பூரணி திரும்பியும் பார்க்கவில்லை.

“எனக்காகக் கண் முழிச்ச மனுசன். அவர்ட கண் போறது என்ட கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. குருட்டு மனுசனை ஏமாத்திப்போட்டு நிக்கிறம். இதுதான் கெட்டித்தனமா?”

அன்றிரவு இரண்டு பேரும் கொழுக்கட்டை தின்னவில்லை.

விடிந்ததும் அன்னப்பூரணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். யோகராசா வெற்றிலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தான். துறையில் அசனார் காக்கா தோணிக்குள் இருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

“காக்கா, எங்களையும் ஏத்துங்க” என்றாள் அவள். “அண்ணனைக் கூட்டிக்கொண்டு வரப்போறன். இனி இஞ்ச என்னோடதான் இருக்கவேணும். மேல்பல்லெண்டு உண்மையையும் சொல்லி மன்னிப்புக் கேக்கப்போறன். கண் தெரியாத மனுசன் வட்டைக்குள்ள தனியா என்ன செய்யும்?”

“ஆருக்குக் கண் தெரியாது?”

“அண்ணனுக்குத்தான். நீங்கதானே காக்கா ஏத்தி இறக்கினீங்க, காணல்லையா?”

அசனார் காக்கா இறைத்த சிரட்டையைக் கீழே வைத்தார். சீதேவி அவரைக் கண்டு, ஒற்றைப் பல் தெரியச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

“புதன்கிழமையே நான் கண்டதைக் கண்டபடி சொல்லிட்டன் தங்கச்சி, மேல ஒரு பல்லு, கீழ ஒண்டுமில்ல எண்டு; அதுக்கு அவர், ‘எனக்குத் தெரியுமெண்டு அறிஞ்சா அந்தப் புள்ள பயந்தே செத்திருவாள் காக்கா’ எண்டார்; அடுத்த நாள் தோணியேறக்குள்ள கறுப்புப் பூனையொண்டு குறுக்கால போகுது, ‘பூனை போகுது, கிறுகித் திரும்புவமா?’ எண்டு நான் கேக்கிறன், ‘எந்தப் பூனை? எனக்குத்தான் இண்டையில இருந்து கண் தெரியாதே’ எண்டு சொல்லிக்கொண்டு ஏறி இரிந்திட்டார் மனுசன்.”